பெரிய ஸ்டூடியோக்கள் ரீமேக், நாவல் தழுவல் என்றே ஓடுவது ஏன்? ஹாலிவுட்டில் அவ்வளவு கதைப் பஞ்சமா?

கதைக்குப் பஞ்சமே இல்லை. காசு கொடுத்து வாங்கி, படமாக்காமல் விட்ட புதுக் கதைகள் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் தூங்குகின்றன. ரிஸ்க் எடுக்க பயம் என்று எல்லோரும் சொல்லும் காரணம் பாதிதான் சரி. மீதிப் பாதி உரிமை ஒப்பந்தங்களில் இருக்கிறது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வசூலில் ஏறத்தாழ பாதிதான் ஸ்டூடியோவுக்கு வரும்; சீனாவில் கால் பங்குதான். பெரிய படமென்றால் விளம்பரச் செலவே 10 கோடி டாலரைத் தாண்டும். முன்பெல்லாம் தியேட்டரில் சறுக்கிய படத்தை டிவிடி விற்பனை காப்பாற்றிவிடும். 2000களின் நடுவில் உச்சத்தில் இருந்த அந்த வருமானம் பிறகு படுத்துவிட்டது. ஆக, முதல் வாரமே கூட்டம் வந்தாக வேண்டும். யாரும் கேள்விப்படாத கதை என்றால், அது என்ன படம் என்று புரியவைக்கவே விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இனி ஒப்பந்தம். நாவலை எடுத்த எடுப்பில் முழு விலைக்கு யாரும் வாங்குவதில்லை. முதலில் 'ஆப்ஷன்' போடுவார்கள். அதாவது 12 அல்லது 18 மாதம் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று எழுத்தாளருக்குக் கொடுக்கும் முன்பணம். வழக்கமாக முழு விலையில் 10 சதவீதம். ஒரு முறை நீட்டிக்கலாம். முதல் தொகை விலையில் கழியும், நீட்டிப்புத் தொகை பெரும்பாலும் கழியாது. முழு விலை பட்ஜெட்டில் 2 முதல் 3 சதவீதம் என்று பேசி, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பும் வைப்பார்கள். அது எழுத்தாளர் கைக்கு வருவது பெரும்பாலும் படப்பிடிப்பு தொடங்கும்போதுதான்.

கவனிக்க வேண்டிய ஷரத்து அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கும்: சீக்வல் எடுத்தால் அந்த விலையில் பாதி, ரீமேக் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும், ஆனால் பேச்சு தொடங்குவது இங்கிருந்துதான். முப்பது வருடம் கழித்து எடுக்கப்போகும் ரீமேக்குக்கான கதைச் செலவு அன்றைய விலையிலேயே முடிந்துவிடுகிறது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1930-ல் வெளியான 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலை வார்னர் பிரதர்ஸ் 1931, 1936, 1941 என்று மூன்று முறை எடுத்தது. 1934-க்குப் பிறகு தணிக்கை கெடுபிடி அதிகமாகி, முதல் படத்தை மறுபடி வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. உரிமை கையில் இருந்தது, கதைக்குப் புதிதாகச் செலவில்லை, திரும்ப எடுத்தார்கள். இன்று எல்லோரும் கொண்டாடுவது மூன்றாவதைத்தான். நல்ல கரு, சுமாராக எடுத்த படம்: ரீமேக்குக்கு ஏற்றது அதுதான் என்பது என் கருத்து. ஸ்டூடியோக்களோ ஏற்கெனவே நன்றாக எடுத்த படமாகத் தேடிப் பிடித்துக் கை வைக்கின்றன.

உரிமைக்குக் கெடுவும் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் உரிமையை வைத்திருந்த ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் ஃபிலிம், கெடு முடியும் தறுவாயில், 1992 டிசம்பர் கடைசியில், சுமார் 10 லட்சம் டாலர் பட்ஜெட்டில் அவசர அவசரமாகப் படப்பிடிப்பைத் தொடங்கியது. படம் முடிந்தும் முறையாக வெளியாகவே இல்லை. ஆனால் உரிமை தப்பித்தது. 2005-ல் வந்த பெரிய படத்திலும் அதே நிறுவனம் பங்குதாரர். 'இதை யார் கேட்டார்கள்?' என்று தோன்றும் ரீபூட்டுகளில் (பழைய வரிசையை முதலிலிருந்து திரும்பத் தொடங்கும் படங்களில்) சிலவற்றுக்கு இப்படி ஒரு கெடு தேதிதான் காரணம்.

சிக்கல் வருவது உரிமைச் சங்கிலியில். நாவலிலிருந்து வந்த படத்தை ரீமேக் செய்யத் தயாரிப்பாளரின் கையெழுத்து மட்டும் போதாமல் போகலாம். நாவலாசிரியர் ரீமேக் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தால் அவரிடமோ வாரிசுகளிடமோ தனியாக வாங்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும், உரிமை வழக்கு வந்தால் ஈடுகட்டும் பாலிசியைக் காப்பீட்டு நிறுவனம் தராது. அந்த பாலிசி இல்லாமல் விநியோகஸ்தர் படத்தைத் தொடமாட்டார்.

போதாக்குறைக்கு அமெரிக்கச் சட்டம் 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமைகளை, சம்பளத்துக்கு எழுதிய வேலையாக இல்லாத பட்சத்தில், 35 வருடம் கழித்துத் திரும்பப் பெற எழுத்தாளருக்கு வழி விட்டிருக்கிறது. 1980-ல் வந்த 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' திகில் படத்தின் திரைக்கதை எழுதிய விக்டர் மில்லர் அப்படித்தான் 2021-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். ஆனால் அவருக்குத் திரும்பியது அமெரிக்க உரிமை மட்டும். வெளிநாட்டு உரிமை பழைய தயாரிப்புத் தரப்பிடமே தங்கிவிட்டது. அந்த வரிசையின் பிரபல கொலைகாரன் ஜேசன். ஆனால் அவருடைய திரைக்கதையில் கொலை செய்வது ஜேசனின் அம்மா. ஜேசனின் அடையாளமான ஹாக்கி முகமூடி 1982-ல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. ரசிகர்கள் பார்க்க விரும்பும் அந்த முகமூடி ஜேசன் யாருக்குச் சொந்தம் என்ற இழுபறி வேறு. 2009-க்குப் பிறகு அந்த வரிசையில் முழுநீளப் படம் ஒன்றுகூட வரவில்லை.

ஆகவே ரீமேக் அறிவிப்பு வந்தவுடன் கொதிக்க வேண்டாம். அறிவிப்புகளில் பல வெறும் ஆப்ஷன் கட்டத்திலேயே நிற்பவை. அவற்றில் பெரும்பாலானவை காலாவதியாகிவிடும். இயக்குநர், படப்பிடிப்புத் தேதி, வெளியீட்டுத் தேதி மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அது படம்.