ஆஸ்பத்திரியில் கொடுத்த விவரம் மோசடிக்காரன் கையில்: யாரிடம் கேட்பது, என்ன கேட்பது?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். போன வருடம் அப்பாவுக்குத் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதமாக யார் யாரோ போன் செய்கிறார்கள். அப்பா பெயர், அட்மிஷன் தேதி, எந்தக் கால், எந்த இன்சூரன்ஸ் என்று எல்லாம் சரியாகச் சொல்லி, "க்ளெய்ம்ல மிச்சப் பணம் வரணும், ஓடிபி சொல்லுங்க" என்கிறார்கள். அம்மா நம்பிச் சொல்லிவிட்டாள். 38,000 ரூபாய் போய்விட்டது. பேங்கில் சொல்லிக் கணக்கை நிறுத்தினோம், போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், "எங்க சர்வர்ல இருந்து ஒண்ணும் போகலை" என்கிறார்கள். அதே இடத்தில் என் தங்கை மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தாள். இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறோம். அதுவும் வெளியே போயிருக்குமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கேஸ் போட முடியுமா?

பதில்: போட முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் போட முடியும். ஆனால் எங்கே போனாலும், "இந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கான பதில் உங்கள் கையில் காகிதமாக இருக்க வேண்டும். அதனால் கோர்ட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பார்த்துவிடுவோம்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். மேலே பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), அட்மிஷன் தேதி இருக்கும். அதற்குக் கீழே நோய், எந்தப் பக்க மூட்டு, ஆபரேஷன் செய்த டாக்டர். போன் செய்தவர் சொன்னதை அம்மாவை உட்கார வைத்துக் கேட்டு, நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, சம்மரியோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். ஐ.பி. நம்பரும் டாக்டர் பெயரும் வந்திருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. பாலிசி நம்பரும் க்ளெய்ம் தொகையும் மட்டும்தான் என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியிலோ, நடுவில் கேஷ்லெஸ் பார்க்கும் டி.பி.ஏ.விலோ கசிந்திருக்கலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் சாட்பாட் வழியாக வெளியே கிடைத்தன. நிறுவனமே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆகவே விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் (மாதிரிக் கடிதம் கீழே) ஆஸ்பத்திரி, டி.பி.ஏ., இன்சூரன்ஸ் கம்பெனி மூவருக்கும் போகட்டும்.

அழைப்புகளின் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி, பேங்க் எஸ்.எம்.எஸ். எதையும் அழிக்காதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடவும் வேண்டாம். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று கொடுக்க வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம். கசிந்த பட்டியல் என்று யாராவது ஃபைல் அனுப்பினால் அதை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். அதில் உங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் இருக்கும்.

அடுத்து போலீஸ். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியுங்கள். உங்கள் ஊர் மாவட்ட எஸ்.பி. எல்லையில் வருகிறது, ஆஸ்பத்திரி மாநகர போலீஸ் எல்லையில் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். பின்னால் போகும் எல்லா இடத்திலும் அதைக் கேட்பார்கள்.

பேங்க் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும்வரை ஆன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போன பணத்துக்குத்தான் பேங்க் பொறுப்பு. ஆகவே எப்போது பேங்கில் சொன்னீர்கள், எப்போது பணம் போனது என்று மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்காக அம்மாவை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். ஆபரேஷன் ஆன கால் எது என்று சொல்லிக்கொண்டு வருபவனை ஆஸ்பத்திரி ஆள் என்று நம்புவதில் என்ன தப்பு? அந்த நம்பிக்கையை உண்டாக்கியது கசிந்த விவரம்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரான உங்கள் வாதத்தின் நடு முடிச்சே இதுதான்.

இப்போது ஆஸ்பத்திரிக்குக் கடிதம். பில்லிங் கவுண்டரில் வாயால் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. 2011-ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்பு விதிகளின்படி மருத்துவப் பதிவுகள் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தனிப்பட்ட தகவல். அதை வைத்திருக்கும் நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, வரும் புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். அப்பா கையெழுத்துப் போடட்டும். இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் இந்தத் தேதியில் இந்த ஐ.பி. நம்பரில் உள்நோயாளியாக இருந்தேன். என் சிகிச்சை விவரங்களைச் சொல்லி எனக்கு மோசடி அழைப்புகள் வருகின்றன, விவரம் இணைப்பில். தங்கள் கணினி அமைப்பில் ஊடுருவலோ கசிவோ நடந்ததா? நடந்திருந்தால் எப்போது, என் விவரங்களில் எவை போயின? என் பதிவை யார் யார் திறந்தார்கள்? வெளியில் யாரிடம் பகிர்ந்தீர்கள்? செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவித்தீர்களா? எழுத்தில் பதில் தேவை."

அந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுத்தில் சொல்லிவிட்டு, பிறகு நடந்தது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியின் நிலை மோசமாகும். அதனாலேயே இந்தக் கடிதத்தை அவர்கள் லேசாக எடுக்க மாட்டார்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சிகிச்சை ஆவணங்களையும் கேளுங்கள். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

ஒரு மாதத்தில் சரியான பதில் வரவில்லையா? சரி, இனி கேஸ். உங்கள் நிலைமைக்கு நான் முதலில் சொல்வது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைத்தான். காசு கொடுத்துச் சிகிச்சை எடுத்தவர் நுகர்வோர். இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் அப்படித்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நம்பி ஒப்படைத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்குத் தெரிவிப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஊழியர் யாராவது பட்டியலை விற்றிருந்தால் இந்தப் பிரிவு. ஹேக் ஆகியிருந்தால், பாதுகாப்பில் கோட்டை விட்ட சேவைக் குறைபாடு. பணநஷ்டத்தோடு மன உளைச்சலுக்கும் இங்கே இழப்பீடு கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடுவை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொரு கதவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. பாதுகாப்பில் அலட்சியமாக இருந்து நஷ்டம் உண்டாக்கிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநில ஐ.டி. செயலர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். இந்தச் சட்டத்தின்கீழ் நம் பக்கத்துக்கே முன்னுதாரணம் உண்டு. தூத்துக்குடி கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் பிஷிங் மோசடியில் (வங்கி அனுப்பியதுபோன்ற போலி மின்னஞ்சல்) பணம் இழந்து வங்கிமேல் புகார் செய்தார். 2010-ல் தமிழ்நாட்டுத் தீர்ப்பு அலுவலர் அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார். ஆனால் வங்கி மேல்முறையீடு செய்து, வழக்கு பல வருடம் இழுத்தது. விசாரணை சென்னையில். 38,000 ரூபாய்க்காக அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. லட்சக்கணக்கில் போனவர்களுக்கு அது சரியான இடம்.

"புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே, 250 கோடி அபராதமாமே" என்று பலர் கேட்கிறார்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போது, கசிவு நடந்தால் ஆஸ்பத்திரியே தாமதமின்றி நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். அது பெரிய நன்மை. ஆனால் அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பீடு தர அதில் வழி இல்லை. போதாததற்கு, அதே நாளில் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. இழப்பீடு வேண்டுபவர்கள் புதுச் சட்டத்துக்காகக் காத்திருந்தால் கையில் இருப்பதையும் இழப்பார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சட்டம் எழுதியவர்கள் நோயாளியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தனியாருக்குப் போகாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் இலவச சிகிச்சை எடுத்தவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் உதவாது. 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி. அவர்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 தீர்ப்பை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் புகாரில் தங்கையின் பெயரையோ சிகிச்சையையோ ஒரு வரிகூட எழுதாதீர்கள். வழக்கு ஆவணம் பல கை மாறும். மறைக்க நினைத்ததை நீங்களே வெளியே வைத்ததாகிவிடும். அவர் விரும்பினால், தன் கையெழுத்தில் தனிக் கடிதம் எழுதித் தன் பதிவை யார் திறந்தார்கள் என்று கேட்கட்டும். மேஜரான பெண்ணுக்காக நீங்களோ அப்பாவோ கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவருடைய சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சை, கருக்கலைப்பு போன்றவற்றுக்கும் இதுபோலத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இதுவரை வந்த அழைப்புகளில் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. வராத ஒன்றை வந்ததாக வைத்துக்கொண்டு வரன் பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். அம்மா பேரில் விண்ணப்பிக்கலாம்.

நோட்டீஸ் போன பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வீட்டுக்கே வந்து, "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒரு தொகை சொல்லக்கூடும். வாங்குவதில் தவறில்லை. ஆனால் நீட்டும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, "குடும்பத்தினர் சார்பாகவும்" என்ற சொற்களோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். அப்பா தன் பங்குக்கு மட்டும் கையெழுத்துப் போடட்டும். தங்கையின் உரிமையை அவர் எழுதிக் கொடுக்க முடியாது.