மேசை விளையாட்டுத் துறையில் முதலில் நுழையும் சிறு பதிப்பகத்துக்கு உண்மையிலேயே அனுகூலம் உண்டா?

உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் விளையாட்டை ஒட்டிக் கிடைக்கும் இரவல் அனுகூலம் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் 2000இல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

அந்த ஆண்டு ஆட்டக்காரர்கள் கதைமாந்தராக நடித்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்த விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், அதன் அடிப்படை விதிகளைப் பயன்படுத்திப் பிறரும் நூல் வெளியிட்டு விற்கலாம் என்று திறந்த உரிமம் வழங்கியது. ஆகஸ்டில், மில்வாக்கியில் நடந்த ஜென் கான் விளையாட்டு விழாவில் ஆட்டக்காரர் விதிநூல் வெளியானபோதே, கிரீன் ரோனின் என்ற சிறு பதிப்பகத்தின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்', அட்லஸ் கேம்ஸ் பதிப்பகத்தின் 'த்ரீ டேஸ் டு கில்' ஆகிய சாகச நூல்களும் (அந்த விதிகளைக் கொண்டு ஆடுவதற்கான ஆயத்தக் கதைகள்) விற்பனைக்கு வந்துவிட்டன. ஆட்டத்தை நடத்துபவருக்கான நூல் செப்டம்பரிலும் அரக்கர் தொகுப்பு அக்டோபரிலும்தான் வந்தன. ஆகவே, புதிய விதிநூலை வாங்கிய கையோடு ஆடிப் பார்க்கத் துடித்தவர்களுக்கு அப்போது கிடைத்தவை மிகச் சில. அவற்றில் இந்த மெல்லிய நூல்களும் இருந்தன. கிரீன் ரோனினின் நிறுவனர் கிறிஸ் பிரமாஸ் அப்போது விசர்ட்ஸிலேயே பணியாற்றியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பந்திக்கு முந்துபவர் பெரும்பாலும் சமையற்கட்டுக்கு அருகில் இருப்பவர்தான்.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே விதிகளை நம்பி எண்ணற்ற நூல்கள் குவிந்தன. நல்லது எது, சொத்தை எது என்று கடைக்காரரால் பிரித்தறிய முடியவில்லை. 2003 ஜூலையில் விசர்ட்ஸின் திருத்திய 3.5 பதிப்பு வந்ததும் முந்தைய விதிகளுக்கு எழுதப்பட்டவை பழைய சரக்காகிவிட்டன. இத்துறையில் விற்காத நூலை விநியோகஸ்தரிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லாததால் நட்டம் கடைக்காரர் தலையில் விழுந்தது. அப்படிக் கையைச் சுட்டுக்கொண்டவர் சிறு பதிப்பகங்களின் அடுத்த நூலை வாங்கத் தயங்கியதில் வியப்பில்லை.

கிரீன் ரோனின் தப்பியதற்கு, முந்தியதைவிட அந்த அவகாசத்தில் தனக்கென்று சிலவற்றைச் சேர்த்துக்கொண்டதே காரணம் என்பேன். 2002இல் வந்த அவர்களின் 'மியூடன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' அதே திறந்த உரிமத்தில் உருவானாலும், விசர்ட்ஸின் விதிநூல் கையில் இல்லாமலே ஆடக்கூடிய தனி விளையாட்டு. ஃப்ரீபோர்ட் என்ற கடற்கொள்ளையர் நகரமும் அவர்களின் சொந்தக் கற்பனை. அதனால்தான், 2007இல் எந்த விதித்தொகுதியையும் சாராத கையேடாக அதை மீண்டும் விற்க முடிந்தது.