ஐவிஎஃப்: மூன்று சுற்றுப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 37. பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு. இருவருக்கும் தனியார் வேலை. கைக்கு வருவது மாதம் 1,30,000 ரூபாய். மூன்று முறை ஐயுஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்தும் பலனில்லை, இப்போது டாக்டர் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) சொல்கிறார். ஒரு சுற்றுக்கு 1,90,000 ரூபாய். மூன்று சுற்றுக்கும் முதலிலேயே கட்டினால் 4,80,000. 'வட்டியில்லாத் தவணை'யும் உண்டாம். எஃப்டியில் 3,50,000, மியூச்சுவல் ஃபண்டில் 5,20,000, அதில் மாதாமாதம் போடும் 20,000 எஸ்ஐபி, 35 பவுன் நகை, வாணியம்பாடி பக்கம் ஒரு மனை, இவ்வளவுதான் எங்கள் இருப்பு. அப்பா தன் ஓய்வுப் பணத்திலிருந்து 2 லட்சம் தருகிறேன் என்கிறார். பேக்கேஜ் எடுக்கலாமா? சிகிச்சைக்காக நான் வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம், பெங்களூரு

பதில்: பேக்கேஜ் வேண்டாம். வேலையையும் விடாதீர்கள்.

முதலில் பேக்கேஜ் கணக்கைப் பார்ப்போம். முதல் சுற்றிலேயே கரு தங்கிவிட்டால் தனித்தனியாகக் கட்டுபவருக்குச் செலவு 1,90,000. பேக்கேஜ் எடுத்தவருக்கு 4,80,000. இரண்டாவது சுற்றில் பலித்தால் 3,80,000. அப்போதும் பேக்கேஜ்காரர் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்பார். மூன்றாவது சுற்று வரை போனால்தான் 90,000 மிச்சம். அந்த மிச்சத்துக்காக முழுத் தொகையையும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால், டாக்டர் மாறினாலோ, உங்களுக்கு அங்கே பிடிக்காமல் போனாலோ வெளியே வருவது கஷ்டம்.

இதைவிட முக்கியமான கேள்வி, 'சுற்று' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, நடுநடுவே ஸ்கேன் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து சினைமுட்டைகளை எடுப்பார்கள். லேபில் கருவாக்கி, மூன்றாவது அல்லது ஐந்தாவது நாளில் ஒன்றைக் கருப்பைக்குள் வைப்பார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. மிச்சக் கருக்கள் இருந்தால் உறையவைப்பார்கள். முதல் முறை பலிக்காவிட்டால், அடுத்து உறைந்த கருவை எடுத்து வைத்தாலே போதும். மறுபடி அத்தனை ஊசியும் முட்டை எடுப்பும் தேவையில்லை, செலவும் முழுச் சுற்றைவிட வெகுவாகக் குறைவு. உங்கள் பேக்கேஜில் இந்த உறைகரு மாற்றமும் ஒரு சுற்றாக எண்ணப்படுகிறதா? அப்படியானால் நீங்கள் நினைக்கும் மூன்றும் அவர்கள் விற்கும் மூன்றும் வேறு வேறு. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடவே 1,90,000-க்குள் எவை அடக்கம் என்பதையும் கேளுங்கள். ஊசி மருந்து பல இடங்களில் தனிக்கணக்கு. உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறதோ அதைப் பொறுத்து அளவு கூடும். கருவை உறையவைப்பது, வருடாவருடம் அதைப் பராமரிப்பது, கருவின் மரபணுச் சோதனை எல்லாமே தனித்தனிக் கட்டணமாக வரலாம். இது இருந்தால் வாய்ப்பு கூடும் என்று கூடுதல் சோதனைகளை நீட்டினால், 'இது என் விஷயத்தில் எதற்கு?' என்று டாக்டரிடமே கேளுங்கள். இப்படிப்பட்ட பல துணைச் சேவைகளை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று ஐரோப்பிய கருவள மருத்துவர் சங்கமான எஷ்ரே 2023-இல் வழிகாட்டியிருக்கிறது. பில்லில் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தாலும் விடாதீர்கள். ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது.

விளம்பரப் பலகையில் 70, 80 சதவீதம் வெற்றி என்று போட்டிருப்பார்கள். அது பரிசோதனை பாசிட்டிவ் ஆன கணக்கா, குழந்தை பிறந்த கணக்கா, எந்த வயதினருக்கு என்று கேளுங்கள். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சைக் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட 2022 கணக்கில், சொந்த முட்டையில் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக்கூட, வைத்த கருக்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் குழந்தை பிறந்திருக்கிறது. 43, 44 வயதில் இருபதில் ஒன்று. ஆகவே ஒரு சுற்றுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கிளினிக் பதிவு பெற்றதா, அதுவும் ஐவிஎஃப் செய்ய அனுமதியுள்ள இரண்டாம் நிலையா என்று பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முதல் நிலைக்கு ஐயுஐ வரைதான் அனுமதி.

சரி, பணத்துக்கு வருவோம். நானாக இருந்தால் மொத்தம் 6 லட்சம் என்று ஓர் எல்லை போடுவேன். முட்டை எடுப்பு இரண்டு முறை, அதிலிருந்து கிடைக்கும் உறைகருக்கள், அதோடு நிறுத்தம். இந்த எல்லையை முதல் ஊசிக்கு முன்பே கணவனும் மனைவியுமாகப் பேசி முடியுங்கள். ஒரு முறை தோற்றபின் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்றுதான் வாய் வரும். அது இயல்பு. மனையையும் பிஎஃப்பையும் விழுங்குவது அந்த வாக்கியம்தான்.

எஃப்டியைத் தொடாதீர்கள், அவசர நிதியாக இருக்கட்டும். மியூச்சுவல் ஃபண்டில் 4 லட்சத்தை இப்போதே எடுத்து, குறுகிய காலத்துக்குப் பணம் போட்டுவைக்கும் லிக்விட் ஃபண்டில் போடுங்கள். இன்னும் சில மாதங்களில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச்சந்தையில் வேலையில்லை. ஈக்விட்டி (பங்குச்சந்தை) ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை. எஸ்ஐபி பணத்தையும் இந்த ஆண்டு அங்கேயே திருப்பிவிடுங்கள், பத்து மாதத்தில் மீதி 2 லட்சமும் சேர்ந்துவிடும். அதற்குள் தேவை வந்தால் சில பவுனை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கலாம். 2 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றாலும் வருட வட்டி 20,000. இதையே 6 லட்சம் பர்சனல் லோனாக 14 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால், வட்டி மட்டும் 2,37,000 ரூபாயைத் தாண்டும்.

அந்த 'வட்டியில்லாத் தவணை' பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பிராசஸிங் கட்டணமும் அதன்மேல் வரியும் எவ்வளவு என்று பாருங்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் கடன் பதிவிலும் ஏறும்.

இன்சூரன்ஸில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். குழந்தையின்மை சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் வழக்கமான விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சில கம்பெனிகளின் குரூப் பாலிசி ஓரளவு தருகிறது. இருவர் அலுவலக பாலிசியையும் எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். பிரசவத் தொகையும் அதிலேயே வரலாம், வேலையை விட வேண்டாம் என்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கரு வைத்தபின் படுத்தே இருக்க வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. உங்களுக்கென்று தனிக் காரணம் இருந்தால் டாக்டர் சொல்வார். கிளினிக் மட்டும் வீட்டுக்கோ ஆபீஸுக்கோ பக்கத்தில் இருக்கட்டும். காலை ஸ்கேனுக்காக, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலைக் கடந்து போய்வந்தால் லீவெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்பா பணத்தை இப்போது வாங்காதீர்கள். பெண்ணுக்கு அப்பா கொடுப்பதற்கு வரி கிடையாது, அதனால் தேவை வரும்போது வங்கி வழியாக வாங்கிக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்து குழந்தையைச் சில நாள் ஐசியூவில் வைக்க வேண்டி வந்தால் அந்த 2 லட்சம்தான் கைகொடுக்கும். அதுவரை அவர் கணக்கிலேயே வட்டி சேரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.