விழா எடுக்கிற சபைகளும் கழகங்களும்: காப்புறுதி, பாதுகாப்பு – கேள்வி பதில்

வன்னியில் திருவிழா, மாட்டுவண்டில் சவாரி, விளையாட்டுப் போட்டி ஒழுங்குபடுத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கிளிநொச்சி, சவாரிச் சங்கம்: அண்ணை, பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்று எடுத்தால் எல்லாம் அடங்குமோ?

அடங்காது தம்பி. உங்கள் கவனக்குறைவால் வெளியாளுக்குக் காயமோ சொத்துச் சேதமோ வந்து, சட்டப்படி நட்டஈடு கட்ட வேண்டிய நிலை வந்தால்தான் அந்தப் பத்திரம் கைகொடுக்கும். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவரை நாம்பன் (சவாரிக் காளை) இடித்தால் அது இதற்குள் வரும். வண்டிலில் நிற்கிற சாரதி, உங்கள் தொண்டர்கள், நாம்பன் சோடிகள், வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி எதுவும் வழமையாக இதில் வராது. சாரதிகளுக்கும் தொண்டர்களுக்கும் பெயர்ப்பட்டியலோடு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுங்கள். கூலிக்கு ஆள் பிடித்துப் பந்தல் போட்டால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். அதற்குப் பத்திரம் வேறு.

படிவத்தில் ‘விளையாட்டு விழா’ என்று மட்டும் எழுதினால் பிறகு அழவேண்டிவரும். மாட்டுவண்டில் சவாரி, எத்தனை சோடி, எவ்வளவு சனம், இரவில் வாணம் விடுவீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்த விசயத்தால் விபத்து வந்தால் கம்பனி பத்திரத்தையே செல்லாது என்று சொல்ல இடமுண்டு. காப்புறுதிக் காலம் விழா நாளோடு நிற்கவும் கூடாது. பந்தல் ஏற்றுகிற நாளும் இறக்குகிற நாளும் சேரவேண்டும், ஆட்கள் விழுந்து எழும்புவது அந்த நாட்களில்தான்.

திடலில் சனம் முண்டியடிப்பது முடிவுக் கோட்டில். ஓடிவந்த நாம்பன் கோட்டில் நிற்காது. அதற்கு அப்பால் உள்ள ஓட்டவெளியை முழுதாக வெறுமையாக்கி, இரண்டு பக்கமும் இரட்டை வரிசைக் கயிறு கட்டுங்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக்கூடாது.

பரந்தன்: எங்கள் கழகம் பதிவில்லை. பத்திரம் யார் பெயரில் எடுப்பது?

முதலில் பதியுங்கள். பதிவில்லாத கழகத்தின் மேல் வழக்கு வந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தங்கள் சொந்தப் பெயரில் மாட்டுப்படலாம். பிரதேச சபை அனுமதி, பொலிஸ் ஒலிபெருக்கி அனுமதி, காப்புறுதிப் பத்திரம் மூன்றிலும் பெயர் ஒரு எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.

ஒட்டுசுட்டான், கோயில் பரிபாலன சபை: தூக்குக்காவடி வருகிற வீதியில் மின்கம்பி குறுக்கே போகிறது. என்ன செய்யலாம் ஐயா?

இதை எல்லாவற்றுக்கும் முதல் பாருங்கள். வீதியோரம் போகிற உயர் அழுத்தக் கம்பி 33,000 அல்லது 11,000 வோல்ற். அதற்குத் தொடுகை தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். தடியாலோ உலோக அளவுநாடாவாலோ நீங்கள் உயரம் பார்க்கப் போகவேண்டாம். பாதையைக் கீறி, காவடி எடுப்பவரைத் தொங்கவிட உழவு இயந்திரத்தில் கட்டிய துலாவின் முழு உயரத்தையும் எழுதி, பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். துலா மேலெழும்பி ஆடும்போது தொங்குகிறவரின் கை எட்டுகிற உயரத்தையும் அதில் சேர்க்கவேண்டும். கம்பி உயரத்தை அவர்கள் வந்து பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்த எழுத்தில் ஒழுங்கு வாங்குங்கள். நிறுத்தியாயிற்று என்று மின்சார ஊழியர் சொல்லும்வரை காவடி அந்த இடத்தைத் தாண்டக்கூடாது.

துலா கம்பியில் பட்டுவிட்டால் சாரதி இருக்கையை விட்டு இறங்கக்கூடாது. சுற்றி நிற்பவர்கள் 10 மீற்றருக்கு அப்பால் விலகவேண்டும், நிலத்திலும் மின்சாரம் பரவும். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டுமென்றால், வண்டியையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துத் தூரப் பாய்ந்து, கால் பிரிக்காமல் தத்தித் தத்தி விலகவேண்டும்.

முல்லைத்தீவு: சனத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. உழவு இயந்திரத்தின் காப்புறுதி வழமையாக விவசாய வேலைக்கும் சாமான் ஏற்றுவதற்கும் எடுத்தது. பெட்டியில் இருந்து விழுந்த பிள்ளைக்கு அது உதவாமல் போகலாம். பஸ் பிடியுங்கள்.

மாங்குளம்: மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிச்சை ஜெனரேட்டரில் போட்டோம். பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. இனிப் பயமில்லைத்தானே?

அந்தப் பொத்தானை நம்பவேண்டாம். அது சுவிச் வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பி வருகிற கம்பி) எர்த்தோடு இணைந்திருக்காது. அப்படியானால் ஒரு ஆளுக்கு மின்சாரம் பிடித்தாலும் சுவிச் விழாமல் இருக்கலாம், பொத்தானுக்கு மட்டும் அழகாக விழும். எர்த் கம்பியை ஈரமண்ணில் அடித்து, நியூட்ரலை எர்த்தோடு இணைத்துத் தருவதற்கும் பரிசோதிப்பதற்கும் தகுதியுள்ள மின்னியலாளரைப் பிடியுங்கள். சுவிச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிறதாக இருக்கவேண்டும். அவர் கையெழுத்திட்ட துண்டு காப்புறுதிக் கோவைக்குப் போகட்டும்.

புதுக்குடியிருப்பு: பந்தலுக்குக் கிடங்கு வெட்டுகிற காணி பத்தையாகக் கிடந்தது. எதைக் கவனிக்கவேண்டும்?

மண்வெட்டி வைக்கமுதல் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஏதாவது பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள்.

வவுனியா: மழை வந்து விழா நின்றால் காசு தருவார்களா?

பொதுப் பொறுப்புப் பத்திரத்தில் இல்லை. அதற்கு இரத்துக் காப்புறுதி தனியாக வேண்டும், வானிலை எச்சரிக்கை வெளிவந்த பிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி விழா வைக்காமல் விடுவது நல்லது. வைப்பதென்றால் மேடை, பந்தல், ஒலி ஒப்பந்தங்களில் மேலதிகக் கட்டணமில்லாத மாற்றுத் திகதியை எழுதுவியுங்கள்.

பங்குனி, சித்திரைப் பின்னேர இடியும் இருக்கிறது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைந்தால் இடி 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. போட்டியை நிறுத்தி, சனத்தைப் பாடசாலைக் கட்டடத்துக்கோ மூடிய பஸ்ஸுக்கோ அனுப்புங்கள். பந்தலுக்குள்ளும் மரத்தின் கீழும் விடவேண்டாம். கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத் தொடங்கலாம்.

நெடுங்கேணி: அன்னதானத்துக்கு?

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். உணவு நஞ்சாதல் பத்திரத்தில் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். சமைத்த சோறும் கறியும் ஆறிக்கிடக்கவிடாமல் 2 மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடியுங்கள்.

மல்லாவி: விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை?

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழைப்பு. அம்புலன்ஸ் உள்ளே வருகிற பாதையில் கச்சான் கடையோ மோட்டார் சைக்கிளோ நிற்காமல் முதலே ஒருவரைப் பொறுப்பாக வைத்திருக்கவேண்டும். காயப்பட்டவரோடு ஒருவர் போகட்டும். இன்னொருவர் எதையும் அசைக்கமுதல் படமெடுத்து, கண்டவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் வாங்கட்டும். பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். கம்பனிக்கு அன்றைக்கே அறிவியுங்கள், பிந்தினால் அதையே காரணம் காட்டுவார்கள். குடும்பத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடித்திரியுங்கள். ஆனால் ‘பிழை எங்களுடையது, முழுச் செலவும் தருவோம்’ என்று கம்பனியைக் கேட்காமல் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டாம். அந்தக் கடிதத்தைக் காட்டியே கம்பனி கோரிக்கையை மறுக்கலாம், அப்போது அந்தக் குடும்பத்துக்கும் ஒன்றும் கிடைக்காது.