கணினிக் கேள்வி பதில்: அப்டேட் பண்ணியதும் படுத்துவிட்ட ஸ்கிரிப்ட்

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் முந்தி இருந்த அக்கா எழுதிவிட்டுப் போன நெக்ஸ்ட்ஃப்ளோ (தரவு ஆய்வின் படிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருள்) ஸ்கிரிப்டில்தான் மிளகாய் வைரஸின் மரபணுத் தரவுகளை ஓட்டி வந்தேன். போன கிழமை புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று கண்டு செல்ஃப்-அப்டேட் கொடுத்தேன். அன்றிலிருந்து வெறும் எரர்தான். பழையதை எங்கே தேடுவது அண்ணா?
- ஒரு மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: பழையது எங்கும் போகவில்லை தங்கச்சி. ஹோம் கோப்புறைக்குள் புள்ளியோடு தொடங்கும் நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற மறைகோப்புறை இருக்கும். அதற்குள் ஃபிரேம்வேர்க்கைத் திறந்து பாருங்கள், இதுவரை இறக்கிய பதிப்புகள் எண்ணோடு கிடக்கும். டேட்டா செலவழித்து மறுபடி இறக்கத் தேவையில்லை.

இப்போது ஸ்கிரிப்டைத் திறவுங்கள். புரோசஸ் எனப்படும் ஒவ்வொரு படியின் இன்புட் வரிகளில் 'ஃப்ரம்', அவுட்புட் வரிகளில் 'இன்டு' என்று இருக்கிறதா? அப்படியென்றால் அது டிஎஸ்எல்1, அதாவது நெக்ஸ்ட்ஃப்ளோ ஸ்கிரிப்ட் மொழியின் பழைய வடிவம். புதிய வடிவம் டிஎஸ்எல்2. 2022இல் டிஎஸ்எல்2 இயல்புநிலையானது, 22.10 வரிசையோடு டிஎஸ்எல்1க்கு விடை கொடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்த எதுவும் அக்காவின் ஸ்கிரிப்டை ஓட்டாது, நீங்கள் எத்தனை தரம் திரும்பத் திரும்ப ரன் கொடுத்தாலும் சரி.

கட்டளைக்கு முன்னால், அதே வரியில், என்எக்ஸ்எஃப் அண்டர்ஸ்கோர் விஇஆர் என்று பெரிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் சமன்குறி போட்டு 22.10.8 என்று கொடுங்கள். கடைசியில் ஒற்றைக்கோட்டோடு டிஎஸ்எல்1 என்ற தெரிவையும் சேருங்கள். அந்த ஓட்டம் மட்டும் பழைய பதிப்பில் நடக்கும், மற்றதெல்லாம் புதியதிலேயே இருக்கும். அந்த எண் ஃபிரேம்வேர்க்கில் இல்லாவிட்டால் தானே இறக்கிக்கொள்ளும்.

இந்த வரியை பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போதெல்லாம் தானாகப் படிக்கப்படும் கோப்பு) மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன், மறந்தும் போனேன், ஆறு மாதம் கழித்து வேறொரு பைப்லைன் ஏன் ஓடவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ப்ரொஜெக்ட் கோப்புறைக்குள் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் உதவும்.

நெக்ஸ்ட்ஃப்ளோ ஓட ஜாவா தேவை, அதன் பதிப்பையும் பாருங்கள். நெக்ஸ்ட்ஃப்ளோ 25.04 பதிப்புக்கு ஆகக் குறைந்தது ஜாவா 17 வேண்டும், 22.10உம் 17இல் ஓடும், ஆகவே அந்த ஒன்றே இரண்டுக்கும் போதும்.

டிஎஸ்எல்2க்கு மாற்றி எழுதத்தான் வேண்டும், ஆனால் ஆய்வறிக்கை கொடுக்கிற நேரத்தில் அல்ல. மாற்றிய பிறகு கான்ஃபிக் கோப்பில், பைப்லைனின் விவரங்களை எழுதும் மேனிஃபெஸ்ட் பகுதியில், தேவையான பதிப்பு எண்ணை ஆச்சரியக்குறியோடு தொடங்கி எழுதிவிடுங்கள். குறி இல்லாவிட்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும், குறி இருந்தால் பதிப்பு பொருந்தாதபோது அங்கேயே நின்றுவிடும்.