ஆறாம் நாளில் என்எஸ்1 நெகட்டிவ் வந்தால்

தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் எடுத்த என்எஸ்1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், ஆனாலும் டாக்டர் டெங்குதான் என்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டரைத்தான். என்எஸ்1 என்பது டெங்கு வைரஸின் புரதம். முதல் ஐந்து நாளுக்குள் தேடினால்தான் நன்றாகச் சிக்கும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் அப்படியே. இப்போது பார்க்க வேண்டியது ஐஜிஎம், அதாவது தொற்று வந்ததும் உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். முன்பே ஒரு தடவை டெங்கு வந்திருந்தால் அதுவும் மங்கலாகத் தெரியலாம், ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் மட்டும் எகிறும்.

அப்புறம், எல்லாரும் பிளேட்லெட்டையே பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) வரியையும் பாருங்கள்: 40 இருந்தது 48 ஆனால் 20 சதவீத ஏற்றம், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள், அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு என்றால் உடனே ஆஸ்பத்திரி.