மகள் ஜியோலொஜிதான் எண்டு நிக்கிறாவோ, முதல் ரெண்டு புத்தகத்தைக் குடுங்கோ

அக்கா, மகள் ஏஎல் மெத்ஸ் (உயர்தரச் சோதினை, கணிதப் பிரிவு) எழுதிப்போட்டு எனக்கு ஜியோலொஜிதான், கல்லையும் பூமியையும் படிக்கிற புவிச்சரிதவியல்தான் வேணும் எண்டு நிக்கிறா, ஊரிலை ஒருத்தரும் படிக்காத பாடம், கல்லைப் படிச்சு என்ன செய்யிறது எண்டு கேட்டிருந்தியள். பயப்பிடாதேங்கோ. வேலை கதையைப் பேந்து சொல்லுறன். அதுக்கு முதல், பிள்ளைக்கு அந்தப் பாடத்திலை மெய்யாவே விருப்பமோ இல்லாட்டி யூடியூப்பிலை எரிமலை பாத்து வந்த ஆசையோ எண்டு பாக்கோணும், அதுக்கு ரிசல்ட் வரும்வரைக்கும் சும்மா இருக்கிற இந்த மாசங்களை விட நல்ல காலம் கிடைக்காது, ரியூசனும் இல்லை சோதினையும் இல்லை. ஒரு பழைய புத்தகம், ஒரு புதுப் புத்தகம், ரெண்டையும் குடுத்துப் பாருங்கோ.

பழசு எண்டு நான் சொல்லுறது சார்ள்ஸ் லயெல் எழுதின பிரின்சிப்பிள்ஸ் ஒஃப் ஜியோலொஜி, 1830 தொடங்கி 1833 வரைக்கும் மூண்டு பாகமா வந்தது. டார்வின் பீகிள் கப்பல்லை வெளிக்கிடேக்க அதின்ர முதல் பாகம் கையிலை இருந்தது. இப்ப இன்டர்நெட் ஆர்க்கைவ்விலை காசில்லாமல் இறக்கலாம். முழுக்க வாசி எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளைக்கு வெறுத்துப் போகும். முதல் பாகத்தைத் திறந்தவுடன ஒரு படம் இருக்கும், அதைப் பாக்கச் சொல்லுங்கோ. இத்தாலியிலை நேப்பிள்சுக்குக் கிட்ட பொஸ்ஸுவோலி எண்ட ஊரிலை ரோமர் காலத்துக் கட்டடத்தின்ர மூண்டு மாபிள் தூண் நிக்குது. அடியிலை ஏறத்தாழ 12 அடிக்கு வழுவழு எண்டிருக்கும், அதுக்கு மேலை ஒரு 9 அடி உயரத்துக்குத் துளை துளையா இருக்கும், கல்லைக் குடையிற கடல் சிப்பி போட்ட துளை அது. தூண் விழேல்லை, நிண்ட நிலையிலையே நிலத்தோட சேந்து கடலுக்குள்ள தாண்டு பேந்து மேலை வந்திருக்குது, அடிப்பக்கம் மண்ணுக்குள்ள மூடுப்பட்டுக் கிடந்தபடியால் சிப்பி தொடேல்லை. அதுவும் மனிசர் கட்டினதுக்குப் பிறகு நடந்த காரியம். மழை, ஆறு, அலை, நிலநடுக்கம் எண்டு இப்ப எங்கட கண்ணுக்கு முன்னாலை நடக்கிற காரியங்களே காலம் போகப் போக மலையையும் கடலையும் மாத்திப்போடும் எண்டதுதான் லயெல் சொல்லவந்த விசயம், அந்த ஒரு படத்திலையே அது விளங்கும்.

அதை வாசிச்ச கையோட வளவிலை கிணறு வெட்டேக்க வந்த சுண்ணக்கல் கிடந்தால், இல்லாட்டி பழைய மதில்லை இருக்கிற கல்லெண்டாலும், தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டு வெயில்லை பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. கன கல்லுகளிலை சிப்பி ஓட்டின்ர அச்சு தெரியும். எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியிலை இருக்கிறது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், அந்தக் காலம் 23 மில்லியன் வருசத்துக்கும் 5 மில்லியன் வருசத்துக்கும் இடைப்பட்டது, அப்ப இந்த இடம் கடல். பிள்ளை கல்லைக் கையிலை வைச்சுக்கொண்டு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வராமல் நிண்டா எண்டால் உங்களுக்கு விடை கிடைச்சிட்டுது. பாத்திட்டுப் போட்டிட்டு வந்திட்டா எண்டாலும் நல்லதுதான், அப்ப வேற பாடத்தைப் பற்றிக் கதைப்பம்.

புதுசுக்கு மார்சியா பியோர்னெரூட் எண்ட அமெரிக்கப் பேராசிரியை எழுதின டைம்ஃபுல்னெஸ், 2018 இலை வந்தது. சின்னப் புத்தகம். கல்லின்ர வயசை எப்பிடிக் கண்டுபிடிச்சினம், மலை என்ன வேகத்திலை வளருது, என்ன வேகத்திலை தேயுது, காத்து மண்டலம் எப்பிடி மாறி வந்தது எண்டு கதை மாதிரிச் சொல்லுவா. இங்கிலீசும் பறவாயில்லை. இதை நான் அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, ஜியோலொஜி படிப்பிக்கிற பேராதனைப் பல்கலைக்கழக சயன்ஸ் ஃபகல்டியிலை படிப்பு இங்கிலீசிலைதான், தமிழிலை ஏஎல் செய்திட்டுப் போற எங்கட பிள்ளையள் முதல் வருசம் பாடத்தாலை இல்லை பாசையாலைதான் கஷ்டப்படுகினம், இப்பவே ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசிச்சால் அந்தப் பயம் பாதி போயிடும்.

எனக்கு மிச்சம் பிடிச்சது ஆதர் ஹோம்ஸ்தான். பிரின்சிப்பிள்ஸ் ஒஃப் பிசிக்கல் ஜியோலொஜி எண்டு 1944 இலை வந்தது, கண்டங்கள் நகருது எண்டு கன ஜியோலொஜிக்காரர் ஒத்துக்கொள்ளாத காலத்திலை, பூமிக்கு உள்ளுக்கை சூட்டாலை ஓடுற ஓட்டம்தான் கண்டத்தை நகத்துது எண்டு கடைசி அதிகாரத்திலை துணிஞ்சு எழுதினவர். பூமியின்ர மேல் ஓடு பெரிய தட்டுகளாப் பிரிஞ்சு நகருது எண்ட தட்டுக் கொள்கையை உலகம் ஏற்றுக்கொண்டது 1960களின்ர கடைசியிலை. இதை ஒரு புது டெக்ஸ்ட்புக்கோட, டார்பக் லட்ஜன்ஸ் மாதிரி ஒண்டோட, பக்கத்திலை வைச்சு வாசிச்சால் ஒரு விஞ்ஞானம் எப்பிடி மனம் மாறுது எண்டு பிள்ளைக்குத் தெரியவரும். புது எடிசன் விலை கூட, பழைய எடிசனே போதும்.

இலங்கையின்ர ஜியோலொஜிக்கு பி. ஜி. கூரே எழுதின அறிமுகப் புத்தகம் கட்டாயம், 1967 இலை வந்து 1984 இலை திருத்திப் போட்டது. அதிலை இருக்கிற பாறைப் பிரிவுகளின்ர பேர் சிலது பிறகு மாறிட்டுது, இப்ப ஹைலண்ட், வன்னி, விஜயன் கொம்ப்ளெக்ஸ் எண்டுதான் சொல்லுறவை, அதைக் கவனிச்சு வாசிக்கோணும். தமிழிலை வேணுமெண்டால் நூலகம் இணையத்தளத்திலை க. குணராசாவின்ர புவியியல் பாடப்புத்தகங்களைப் பாருங்கோ, செங்கை ஆழியான் எண்டு நாவல் எழுதினவரும் அவர்தான். ஒருத்தரும் படிக்காத பாடம் எண்டு சொன்னியள் எல்லே, கலை பற்றி எழுதி உலகமே அறிஞ்ச ஆனந்த குமாரசுவாமி முதல்லை ஜியோலொஜிக்காரர் அக்கா, இலங்கையின்ர கனிய ஆய்வுக்கு முதல் பணிப்பாளர், தோரியனைட் எண்ட கனியத்தை 1904 இலை கண்டெடுத்தவர்.

இனி வேலை. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், நீர்வளச் சபை, மண்சரிவு பாக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், புல்மோட்டை கனிய மணல், கட்டட வேலைக்கு மண் சோதிக்கிற கொம்பனியள். அரசாங்க இடம் அடிக்கடி திறக்காது, அதை மறைக்க மாட்டன், மாஸ்டர்ஸ் செய்யிற எண்ணத்தோடதான் உள்ளிடோணும். ஆனால் தேவை இருக்குது. 2014 இலை மீரியபெத்தையிலை மலை சரிஞ்சு தோட்டத் தொழிலாளரின்ர லயன் வீடுகளை மூடினதை நினைச்சுப் பாருங்கோ. எங்கட பக்கம் தண்ணிதான் பிரச்சினை. நல்ல தண்ணி சவர்த் தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டுதான் இருக்குது, நிலாவரைக் கிணத்திலை மேலை நல்ல தண்ணி, ஆழத்திலை உப்பு. கடல் மட்டத்துக்கு மேலை ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால் கீழை ஏறத்தாழ 40 அடி நிக்கும் எண்டது கணக்கு, அப்ப மிசின் போட்டு இறைச்சு மேலை ஒரு அடி குறைஞ்சால் கீழை இருந்து சவர் எவ்வளவு ஏறும் எண்டு நீங்களே பாருங்கோ. இதை விளங்கின ஆக்கள் யாழ்ப்பாணத்துக்கு நிறைய வேணும், எங்கட பிள்ளையளே அதைப் படிக்கோணும் எண்டு எனக்கு ஆசை.

பொம்பிளைப்பிள்ளை காடு மேடு எண்டு திரியிறதோ எண்டு யோசிப்பியள். வெளிக்களப் படிப்பு இருக்கும்தான், குழுவா லெக்சரர்மாரோட போறது.

ரிசல்ட் வந்தவுடன யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஹாண்ட்புக்கிலை பேராதனை சயன்ஸ், மொறட்டுவை ஏர்த் ரிசோசஸ் எஞ்சினியரிங், ஊவா வெல்லஸ்ஸ கனிய வளம் மூண்டையும் வடிவா வாசியுங்கோ, பேராதனையிலை ஜியோலொஜியை எந்தப் பாடங்களோட சேத்து எடுக்கலாம் எண்டு ஃபகல்டி வெப்சைட்டிலை பாருங்கோ. கம்பஸ் அனுமதிக்குப் பாக்கிற இசட் ஸ்கோரைக் கொண்டு என்னட்டை வாங்கோ, எதை முதல் போடுறது எண்டு இருந்து பாப்பம், பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ.